தோரன் சபையின் தண்டனை

மில்வாக்கி நகரில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தனியார் துப்பறிவாளர் கான்ராட் ஆஸ்ட்ரோவின் அலுவலகத்துக்குள் இரண்டு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் முப்பது வயதைத் தாண்டியவள். கோட்டைக் கழற்றாமலே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பின்னால் வந்த ஐம்பது வயதுக்காரி கதவைச் சாத்திவிட்டு அவள் தோளில் கை வைத்து நின்றாள்.

கான்ராடின் உதவியாளர் டெஸ் மலோனி காப்பியை நீட்டினாள். உட்கார்ந்திருந்தவள் அதை வாங்கிக் குடிக்காமலே மேசையில் வைத்தாள்.

"இவ பேரு நடீன் ஹாலெக்" என்றாள் நின்றிருந்தவள். "முதியோர் இல்லத்துல நர்ஸ். நான் வெர்னா, அங்க இவளுக்கு மேற்பார்வை. கார் ஓட்டக்கூட பயப்படறா. அதான் நானே கூட்டிட்டு வந்தேன்."

"எதைப் பார்த்து பயம்?" என்று கேட்டார் கான்ராட்.

நடீன் வாயைத் திறப்பதற்குள் வெர்னாவே தொடர்ந்தாள்.

"டிவில ஏதோ வேற்றுக்கிரகத் தொடர் வருதாம், 'ஏழாவது கரை'ன்னு. நான் பார்த்ததில்ல, அதுக்கெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது. இவளுக்கு அதுதான் உசுரு. அதைப் பத்தி விவாதம் பண்ண ஒரு கூட்டமே இருக்கு. அங்க எவனோ ஒருத்தன் இவ மேல கோவத்துல கதவுல கரிக்கை வெச்சிட்டுப் போயிருக்கான். சவேத்தாம். அந்த ஊர்த் தண்டனையாம்."

"என்ன தண்டனை?" டெஸ் ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்தாள்.

இப்போது நடீன் தானே பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது. "அந்தத் தொடர்ல வர்ற தோரன் மக்கள் பூமிக்கு அடியில குகைகள்ல வாழறவங்க. அவங்ககிட்ட ஜெயிலும் இல்ல, தூக்கும் இல்ல. சபையில ஒருத்தரை எதிர்த்து ஓட்டுப் போட்டுட்டா, அவங்க வீட்டு வாசல்ல சாம்பல் கை வைப்பாங்க, சாம்பல்ல தோய்ச்ச உள்ளங்கை அச்சு. அதுக்கப்புறம் அவங்க பேசறது யார் காதுலயும் விழக்கூடாது. கத்தினாலும் அழுதாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டாங்க. பெத்த பிள்ளைகூட. கொஞ்ச நாள்ல தானா செத்துடுவாங்க. அது கொலைதான்னு நான் சொல்றேன். சனிக்கிழமை எங்க ரசிகர் சபையில அதான் விவாதம்."

"எதிர்த்துப் பேசறது யாரு?"

"டுவெய்ன் பெக். ரத்தமே சிந்தாத நீதி அதுன்னு சொல்லுவார். போன கூட்டத்துல கோவம் வந்து, உனக்கே அந்தத் தண்டனையைக் கொடுக்கணும்னு எல்லார் முன்னாடியும் சொன்னார். ஒரு தடவை என்னை வீட்ல இறக்கி விட்டிருக்கார். என் வீடு தெரியும்."

"கதவுல பார்த்ததும் என்ன பண்ணீங்க?"

"சுடுதண்ணி ஊத்தித் தேய்ச்சேன். அக்கம்பக்கத்துல யாரும் பார்த்திருக்கமாட்டாங்க. தேய்ச்சு முடிச்சு உள்ள வந்தா சேதி பதிவு பண்ற போன் மெஷின்ல விளக்கு மின்னுது. ஒரு குரல். ஆணா பெண்ணான்னு தெரியல. அது மூச்சு விட ஆரம்பிச்சதும் மெஷினை நிறுத்தி நாடாவைப் பிடுங்கிட்டேன். வார்த்தை எதுவும் மனசுல நிக்கல. அந்த மூச்சு மட்டும் இன்னும் கேக்குது."

அவள் பையிலிருந்து அந்தச் சிறிய ஒலிநாடாவை எடுத்து மேசையில் வைத்தாள். கான்ராட் வெர்னாவைப் பார்த்தார். "நீங்க இதைக் கேட்டீங்களா?"

"வேண்டவே வேண்டாம் சாமி. இவ அழுதுகிட்டே போன் பண்ணினா, ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்தேன். அவ்வளவுதான்." அவள் நடீனின் தலைமுடியை ஒதுக்கி விட்டாள். "நீ கொஞ்ச நாள் டுலூத்துல உன் அக்கா வீட்டுக்குப் போயிடு கண்ணு. வேலை, வியாழக்கிழமை விசாரணை எல்லாத்தையும் நான் சொல்லித் தள்ளி வைக்கிறேன். அதுவரைக்கும் என் வீட்லயே படுத்துக்க."

"என்ன விசாரணை?" என்றார் கான்ராட்.

"எங்க இல்லத்துல பெரியவர் ஒருத்தர் ராத்திரி கீழ விழுந்து இறந்துட்டார்" என்றாள் நடீன். "மாவட்டத்துல விசாரிக்கிறாங்க. காலைல முதல்ல பார்த்தவ நான். அதனால கூப்பிட்டிருக்காங்க."

அவர்கள் போனதும் டெஸ் நாடாவை ஓடவிட்டாள். துணியை வாயில் பொத்திக்கொண்டு பேசியதுபோல் கரகரத்த, இரக்கமில்லாத ஒரு குரல்.

"சபையில் வாய் திறக்காதே. திறந்தால் உனக்குச் சவேத். நீ கத்துவாய். யாரும் வரமாட்டார்கள்."

பிறகு மூச்சுச் சத்தம். நீளமாக, நிதானமாக. டெஸ் நாடாவை நிறுத்தினாள். விளையாட்டுக்காகப் பேசுகிறவர்கள் இப்படி மூச்சு விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"டுவெய்ன் பெக்தான்" என்றாள். "சந்தேகமே இல்ல."

"முதல்ல கதவைப் பார்த்துட்டு வா" என்றார் கான்ராட்.

நடீனின் வாடகை வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. விளக்குக் கம்பத்துக்கும் வாசலுக்கும் இடையே வேலிச்செடிகள் இருட்டாக நின்றன. டெஸ் குனிந்து கதவைப் பார்த்தாள். மரம் சுத்தமாகத்தான் இருந்தது. சட்டத்தின் இடுக்குகளில் மட்டும் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தடவினாள். அடுப்புக்கரி. பின்னால் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. திரும்பினாள். ஒருவரும் இல்லை. கிளையிலிருந்து விழுந்த பனியாக இருக்கலாம். ஆனாலும் கார் வரைக்கும் அவள் ஓடித்தான் போனாள்.

அன்று சாயங்காலமே இருவரும் ரசிகர் கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போனார்கள். அது பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஒரு பௌலிங் கூடத்தின் பின்னறை. சுவருக்கு அந்தப் பக்கம் பந்து உருள்வதும் கட்டைகள் சிதறுவதும் இடிபோல் கேட்டுக்கொண்டிருந்தன. நீள மேசையில் பொரித்த பாலாடைக்கட்டித் துண்டுகளும் பீர் ஜாடிகளும் இருந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"காத்தைக்கூட அளந்து விடற குகையில ஒரு குழப்பக்காரனை வெச்சுக்கிட்டு என்ன பண்ணச் சொல்றே?" என்று மேசையைத் தட்டினான் டுவெய்ன் பெக். தாடி வைத்த பெரிய உருவம், கருப்புப் பனியன். நெஞ்சில் வெள்ளைச் சாயத்தில் ஒரு கை பதிந்திருந்தது.

"குழப்பக்காரன்னு யாரு முடிவு பண்றது? காத்தை அளக்கறவன்தானே?" என்று திருப்பிக் கேட்டாள் தலைவி ஜோனி அமுண்ட். வெள்ளைமுடிக்காரி. "உன்னை மாதிரி ஆளுங்க இருந்தா தோரன் என்ன, இந்த விஸ்கான்சின் மாநிலமே உருப்படாது."

எல்லோரும் சிரித்தார்கள். டெஸ் தன்னை அறிமுகம் செய்துகொண்டு நேராகவே கேட்டாள். "மிஸ்டர் பெக், நடீனுக்கு சவேத் கொடுக்கணும்னு நீங்க சொன்னதா கேள்விப்பட்டேன்."

மேசை முழுவதும் சிரிப்பு வெடித்தது.

"கவேத்தும்மா, கவேத்" என்றான் டுவெய்ன். "புதுசா? பரவாயில்ல, முதல் வருசத்துத் தொடரிலிருந்து பார்க்க ஆரம்பிங்க." பிறகு அவன் முகம் மாறியது. "சொன்னேன். வாய்க்கொழுப்பு. அடுத்த நாளே மன்னிப்புக் கேக்கலாம்னு பார்த்தா அவ போனே எடுக்கல. ஏன், அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

கான்ராட் அவன் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கார் கண்ணாடியைத் துடைத்தபடி, "நாளைக்கு இங்கயே எல்லாரையும் வரச் சொல்லு. நடீனையும் வெர்னாவையும் சேர்த்து. இன்னைக்கு ராத்திரி நடீன் உன் வீட்ல படுக்கட்டும்" என்றார்.

"வெர்னா வீட்ல படுக்கறதாத்தானே பேச்சு?"

"உன் வீட்ல" என்றார் மறுபடியும். டெஸ் போன் செய்ய உள்ளே திரும்பினாள்.

புதன்கிழமை மாலை எல்லோரும் பின்னறையில் கூடினார்கள். நடீன் சுவரோரம் உட்கார்ந்து டுவெய்னின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னா அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். சுவருக்கு அப்பால் கட்டைகள் சிதறும்போதெல்லாம் நடீனின் உடம்பு தூக்கிப்போட்டது.

கான்ராட் எதுவும் சொல்லாமல் நாடாவை ஓடவிட்டார்.

*சபையில் வாய் திறக்காதே. திறந்தால் உனக்குச் சவேத்...*

மூச்சுச் சத்தம் முடிந்ததும் ஜோனிதான் முதலில் பேசினாள். "யாரு இந்த ஆளு? சவேத்துன்னு சொல்லுது."

"எங்க ஆளு எவனும் அப்படிச் சொல்லமாட்டான்" என்றான் டுவெய்ன். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட."

"நான் கேக்க நினைச்சது அதுதான்" என்றார் கான்ராட். "அந்த வார்த்தையை எப்படி எழுதறீங்க?"

"இங்கிலீஷ்ல சி, ஹெச் போட்டு."

"சர்ச்ல வர்ற அதே எழுத்து. படிக்கிறவங்களுக்கு ச-ன்னுதான் தோணும். ஆனா நடிகர்கள் சொல்றது கோரஸ்ல வர்ற மாதிரி, க. ஒரு தடவை காதால கேட்டவங்க தப்பு பண்ணமாட்டாங்க. சரி, தோரன் சாம்பல் என்ன நிறம்?"

"வெள்ளை" என்று பல குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. டுவெய்ன் தன் பனியனைத் தொட்டுக் காட்டினான். "குகைப்பாசியை எரிச்ச சாம்பல். பால் மாதிரி இருக்கும்."

நடீன் நிமிர்ந்தாள். "ஆமா, வெள்ளை" என்றாள் மெதுவாக. "என் கதவுல இருந்தது கருப்பு. பயத்துல நான் அதை யோசிக்கவே இல்ல."

"இதைச் செஞ்சவங்க தொடரைக் கண்ணால பார்த்ததில்ல, காதால கேட்டதும் இல்ல" என்றார் கான்ராட். "எழுத்துல படிச்சிருக்காங்க. நடீன், உங்க விவாதப் பேச்சை எங்க உட்கார்ந்து எழுதுவீங்க?"

"இல்லத்துல, சாப்பிடற அறையில. தாளெல்லாம் மேசை மேலயே கிடக்கும். டுவெய்ன் என்னைத் திட்டினதைக்கூட அதுல எழுதியிருந்தேன், பதில் சொல்றதுக்காக."

அவள் கை வெர்னாவின் மடியில்தான் இருந்தது. மெல்ல அதை இழுத்துக்கொள்வதை டெஸ் பார்த்தாள்.

வெர்னா சிரித்தாள். "அந்த அறையில இருபது பேர் சாப்பிடறோம். யார் வேணா படிச்சிருக்கலாம். நானும் படிச்சேன். அந்த வார்த்தையை நானும் தப்பாத்தான் சொல்றேன். அது ஒரு குத்தமா?"

"இல்ல" என்றார் கான்ராட். "ஆனா என் அலுவலகத்துல நீங்க இன்னொரு வார்த்தையும் சொன்னீங்க. கதவுல கரிக்கை வெச்சிட்டுப் போயிருக்கான்னு. நடீன், போன்ல அழுதுகிட்டே வெர்னாகிட்ட என்ன சொன்னீங்க?"

நடீன் கண்ணை மூடி யோசித்தாள். "வாசல்ல சாம்பல் கை வெச்சிருக்காங்கன்னு. அவ்வளவுதான். கரின்னு சொல்லல. யார்கிட்டயும் சொல்லல."

"வெர்னா வர்றதுக்கு முன்னாடியே துடைச்சிட்டீங்க. என் உதவியாளர் குனிஞ்சு இடுக்குல விரல் விட்டுத்தான் கரின்னு கண்டுபிடிச்சா. சாம்பல்னு கேட்டவங்க சாம்பல்னுதான் சொல்லுவாங்க. கரின்னு சொல்லணும்னா, அந்தக் கை கதவுல இருந்தப்பவே பார்த்திருக்கணும்."

வெர்னாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண்களில் மட்டும் அது இல்லை.

"நாங்க எல்லாரும் சபைன்னா சனிக்கிழமை விவாதம்னு நினைச்சோம்" என்று கான்ராட் தொடர்ந்தார். "ஆனா மிரட்டினவங்க கவலைப்பட்டது வியாழக்கிழமை விசாரணையைப் பத்தி. நடீன், அந்தப் பெரியவர் அறையில நீங்க என்ன பார்த்தீங்க?"

"படுக்கைப் பக்கத்துல நர்ஸைக் கூப்பிடற மணி இருக்கும். அதோட கம்பி சுவத்துலருந்து கழண்டு கிடந்தது. தானா கழண்டிருக்கும்னு நினைச்சேன். கேட்டா சொல்லணும்னு இருந்தேன்." அவள் திரும்பினாள். "வெர்னா, அன்னைக்கு ராத்திரி நீங்கதானே இருந்தீங்க?"

வெர்னா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"விடிய விடிய மணி அடிப்பார்" என்றாள் வெர்னா. "தண்ணி வேணாம், மாத்திரை வேணாம். யாராவது வந்து நிக்கணும், அவ்வளவுதான். முப்பது பேருக்கு நான் ஒருத்தி. ஒரே ஒரு ராத்திரிதான் கழட்டினேன்." பிறகு நடீனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் டெஸ்ஸை அதிகம் பயமுறுத்தியது. "நீ டுலூத் போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது கண்ணு. நான்தான் எத்தனை தடவை சொன்னேன்."

"போகலன்னா?" என்று கேட்டாள் நடீன்.

வெர்னா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். கான்ராட் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த காவலர்கள் இருவர் வெளியே பனியில் நின்றிருந்தார்கள். வாசல் வரை போனவள் நின்று, பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்து ஜோனியின் கையில் கொடுத்தாள். நடீன் வீட்டுச் சாவி. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நடீனே போன கோடையில் கொடுத்தது. அதைப் பார்த்ததும் நடீன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டுவெய்ன் தன் கோட்டை எடுத்து வந்து அவள் தோளில் போட்டான். அவள் ஒதுங்கவில்லை.

மறுநாள் மாவட்ட அலுவலகத்தின் விசாரணை அறையில் டெஸ் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு வரிசைகளில் ரசிகர் கூட்டம் முழுவதும் வந்திருந்தது. டுவெய்ன் டை கட்டியிருந்தான், அது கழுத்தை இறுக்கியது. நடீன் எழுந்து முன்னால் போய் நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இறந்தவர் பேரு ஆல்வின் ஃபெரிஸ்" என்று ஆரம்பித்தாள். குரல் பாதியில் உள்ளே போய்விட்டது.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா, இங்க கேக்கல" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

நடீன் மூச்சை இழுத்துக்கொண்டாள். முதலிலிருந்து சொன்னாள்.