குழாய்களின் எண்ணிக்கை

மார்ச் 4, செவ்வாய். ஒரு சிறு தவறு. நேற்று 041ஆம் நபரின் ரத்தப் படிவத்தில் 'குழாய்களின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் 2 என்று எழுதியிருக்கிறேன். எடுத்தது ஒன்றுதான். வீட்டுப் பழக்கம். இன்றே திருத்த வேண்டும்.

அக்கேலோ பேனாவை மூடிவிட்டுக் குறிப்பேட்டை ஒருமுறை படித்துப் பார்த்தாள். எழுதியதைப் படித்துப் பார்க்காமல் அவளால் மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது. பூட்டினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பவள் அவள். குலு நகரத்தின் விளிம்பில், பழைய நெல் கிடங்கைத் தடுத்துக் கட்டிய அந்த ஆய்வகத்தில் அப்போது காலை ஒன்பதரை. வெளியே யாரோ புல்லை எரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வலையின் வழியாகப் புகை வந்து, ஸ்பிரிட் வாசனையோடும் ஜெனரேட்டரின் டீசல் வாசனையோடும் கலந்து, மேசையின் மேல் மெல்லிய போர்வைபோலப் படிந்துகொண்டிருந்தது.

குளிர்பெட்டியின் முன்னால் குந்தியிருந்த உதவியாளர் கொமாகெச் திரும்பிப் பார்த்தார். "எதைத் திருத்தணும் டாக்டரே?"

அவளுக்கு டாக்டர் பட்டம் இன்னும் வரவில்லை. அவர் கேலிக்காக அப்படித்தான் கூப்பிடுவார்.

"நாப்பத்தொண்ணு. ரெண்டுன்னு எழுதிட்டேன். ஒண்ணுதான் எடுத்தேன்."

"ரெண்டு தானே இருக்கு."

"விளையாடாதீங்க."

"என் பேரே துரதிர்ஷ்டம்னு அர்த்தம். நான் எங்க விளையாடுறது? வந்து பாருங்க."

தாங்கியில் ஊதா மூடி போட்ட இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் 041. இரண்டிலும் கோட்டுவரை ரத்தம்.

041 அவளுடைய அக்கா அபியோ. இரட்டையரில் முதலில் பிறந்தவள் அபியோ, இரண்டாவது அச்சேன், அவர்களுக்குப் பின்னால் வந்தவள் அக்கேலோ. அச்சோலி வீட்டில் பெயரைக் கேட்டாலே யார் எப்போது பிறந்தார்கள் என்று தெரிந்துவிடும். தெருவில் அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மின் ருட்', இரட்டையரின் தாய். அச்சேன் பதினைந்து வயதில் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து, முழங்கால் அளவுத் தண்ணீரில் முகம் கவிழ்ந்து இறந்துபோனாள். பதினோரு வருடமாகியும் அந்தப் பெயர் மாறவில்லை. வீட்டில் எதுவும் மாறவில்லை. அபியோவுக்கு எது வாங்கினாலும் அம்மா இரண்டாக வாங்குவாள். சாயங்காலம் இரண்டு தட்டு போடுவாள். இரண்டாவது தட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். பிறகு அதை அக்கேலோ பக்கம் நகர்த்தி, "உனக்குத்தான், ஆறிப்போகுது" என்பாள். அந்தத் தட்டில் சாப்பிட்டுத்தான் அக்கேலோ வளர்ந்தாள்.

திங்கட்கிழமை ரத்தம் எடுத்தபோது அபியோ கையை நீட்டிக்கொண்டு சிரித்தாள். "எனக்கு மட்டும் எடுத்தா அவ கோவிச்சுக்குவாடி."

"ஆடாம இரு. ஊசி நழுவிடும்."

"சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வர்றாங்க. ஒரே ஒரு கேள்விதான் கேட்டனுப்பியிருக்காங்க. ஒருத்திக்கு வந்தது இன்னொருத்திக்கு வருமான்னு. நீதான் படிச்சவ. சொல்லு, வருமா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

"ரெண்டு வாரமா கையில இருக்கிற டம்ளர் தானா விழுது. யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டத்தான் சொல்றேன்."

அந்தப் பேச்சு காதில் இருக்கும்போதுதான் அக்கேலோ படிவத்தை நிரப்பியிருக்கிறாள். கை தானாக 2 என்று எழுதிவிட்டது. அது புரிகிறது. தாங்கியில் நிற்கும் குழாய் புரியவில்லை.

அவள் முறைப்படி சரிபார்த்தாள். ஐம்பது குழாய்கள் கொண்ட புதிய பெட்டி திங்கட்கிழமைதான் பிரிக்கப்பட்டது. எண்ணினாள். நாற்பத்தொன்பது. இன்னொரு முறை எண்ணினாள். நாற்பத்தொன்பது. பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டிக்குள் ஓர் ஊசி. இரண்டாவது குழாயின் ஒட்டுச்சீட்டிலும் அவளுடைய எழுத்துதான் இருந்தது, ஆனால் எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. குழாயைக் கையில் எடுத்தாள். குளிர்பெட்டியின் அளவுமானி நான்கு டிகிரி காட்டியது. முதல் குழாய் சில்லென்று இருந்தது. இரண்டாவது வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஒருவர் உள்ளங்கையில் வைத்திருந்து கொடுத்ததைப்போல.

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்கப் போகும்போது போடும் மருந்து, ஈறிலிருந்து கன்னத்துக்கும் கன்னத்திலிருந்து காதுக்கும் பரவுவதைப்போல ஏதோ ஒன்று பரவியது. அவ்வளவுதான். அன்று அவள் எதையும் திருத்தவில்லை. இரண்டு குழாய்களையும் சோதனைக்கு ஏற்றினாள்.

அபியோ, அச்சேன்போல ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் டி.என்.ஏ. ஒன்றேதான். எழுத்துக்கு எழுத்து ஒரே புத்தகம். வேறுபடுவது எழுத்துகளின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெத்தில் குறிகள் மட்டும். தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் அதன் உயிரொலி அடங்குவதைப்போல, குறி விழுந்த இடத்தில் மரபணு அடங்கிவிடும். யாருக்கு வலிப்பு, யாருக்கு இல்லை என்பதை அந்தக் குறிகளில் படிக்க முடியுமா என்பதுதான் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி. அச்சேன் உயிரோடு இருந்தபோது வெளியிலிருந்து வந்த ஒரு குழு எடுத்த ரத்தத்தின் கணக்கு இன்னும் கோப்பில் இருக்கிறது. நாற்பது இடங்களில் அவளுக்கு இருந்த புள்ளி அபியோவுக்கு இல்லை. அதே குறிகளை வைத்து ரத்தத்தின் வயதையும் ஏறக்குறையச் சொல்லலாம். அச்சேனின் பழைய கணக்கில் வயது பதினைந்து.

வியாழன் பிற்பகல் முடிவு வந்தது. முதல் குழாய்: நாற்பது இடங்களும் சுத்தம். அபியோவுக்கு நோயின் அடையாளம் எதுவும் இல்லை. அக்கேலோ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சனிக்கிழமைக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அந்த வாரத்தில் அவள் எதையாவது உணர்ந்தாள் என்றால் அந்த ஒரு நிமிடம்தான்.

பிறகு இரண்டாவது முடிவைத் திறந்தாள்.

நாற்பது இடங்களிலும் புள்ளி இருந்தது. பழைய கோப்பைப் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஒன்றுகூடத் தவறவில்லை. வயது மட்டும் வேறு.

இருபத்தாறு.

அபியோவின் வயது. அச்சேன் இருந்திருந்தால் அவளுடைய வயது.

ஜெனரேட்டர் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது. என் கை தவறியிருக்கும் என்று அவள் நினைத்தாள். இரண்டையும் கலந்திருப்பேன். ஏதோ ஒரு கட்டத்தில், எனக்கே தெரியாமல். அவளுக்குத் தன்னை நம்பாமல் இருப்பது சுலபம். மற்றதை நம்புவதைவிட அது எவ்வளவோ சுலபம்.

வெள்ளி மதியம் கொமாகெச் மேசைக்கு வந்தார். "திங்கக்கிழமை மேற்பார்வைக்கு ஆளு வர்றாங்க டாக்டரே. அந்த நாப்பத்தொண்ணு படிவத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவாங்க. ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

"அப்போ அடிச்சு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் அடிச்சா என் வேலை போகும். நீங்க அடிச்சா அதுக்குப் பேரு திருத்தம்."

ஆய்வகத்தில் அழிப்பது கிடையாது. தவறின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரியவேண்டும், பக்கத்தில் சரியானது, தேதி, கையெழுத்து. அக்கேலோ அப்படியே செய்தாள். 2இன் மேல் கோடு. பக்கத்தில் 1. மார்ச் 7. கோடு இழுக்கும்போது பேனா ஓரிடத்தில் சிக்கியது, தாளுக்கு அடியில் ஏதோ மேடு இருந்ததைப்போல.

ஐந்து மணிக்குக் குளிர்பெட்டியைப் பூட்டப் போனாள்.

தாங்கியில் ஒரு குழாய் இருந்தது.

"ஒண்ணை எடுத்தீங்களா?"

"நான் தொடவே இல்ல. எழுதினபடி இருக்கா? இருக்குல்ல? அப்புறம் என்ன? வீட்டுக்குப் போங்க, நாளைக்கு உங்க வீட்டுல விசேஷம்."

அவள் கையை உள்ளே விட்டாள். விடுவதற்கு முன்பே தெரிந்தது.

வெதுவெதுப்பு.

பெட்டியை எண்ணினாள். நாற்பத்தொன்பது இல்லை. ஐம்பது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அபியோவுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. செம்மண் சாலையில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. யார் வீட்டிலோ மாலாக்வாங் கீரையை நிலக்கடலை விழுதோடு கொதிக்கவைக்கும் புளிப்பு வாசனை. அது தங்கள் வீடுதான். முற்றத்துக் கொடியில் அபியோவின் நாளைய உடுப்பு தொங்கியது. இரண்டு உடுப்பு, ஒரே துணியில். சாயங்காலமெல்லாம் அபியோ ஓட்டும் தையல் எந்திரம் உள்ளே ஓடவில்லை.

அம்மா பாய் விரித்திருந்தாள். இரண்டு தட்டு போட்டிருந்தாள்.

"அபியோ எங்கம்மா?"

"கை கழுவிட்டு உக்காரு."

அடுப்பின் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். அபியோவின் முகம். அபியோவின் நடை இல்லை. காலைக் கொஞ்சம் இழுத்து, தரையை நம்பாததைப்போல நடந்துவந்து பாயில் உட்கார்ந்தாள். வலது கை மேல்துணிக்குள் இருந்தது. தலை ஒருமுறை மெல்ல முன்னால் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

"அக்கா?"



அவள் இடது கையால் களியைப் பிட்டாள். அச்சேன் இடது கையால்தான் சாப்பிடுவாள். ஒன்பது வயதில் வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தவள். வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஆறிவிட்டன.

மேல்துணி நழுவியது.

அக்கேலோ பார்த்தாள். மூன்று விரல்கள். பழைய தழும்பு. இளம்சிவப்பாக, பளபளவென்று. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாயில் அது ஊறிக்கொண்டிருந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது இரண்டாவது தட்டிலிருந்து.

முதல் தட்டு அப்படியே இருந்தது. அபியோவின் தட்டு. ஆவி குறைந்துகொண்டே வந்தது.



ஆவி நின்றது.

அம்மா கையை நீட்டினாள். அக்கேலோவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தட்டை மெதுவாக, பாயில் உரசும் சத்தத்தோடு, அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உனக்குத்தான். ஆறிப்போகுது."

மார்ச் 7, வெள்ளி. திருத்தம் தவறு. ஆய்வக விதிப்படி, கோடு போட்டதன் மேல் மறுபடி எழுதக்கூடாது. புதிய படிவம் வேண்டும்.

நாளை: காலை எட்டு மணி, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன். 041க்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். எந்தக் கையை நீட்டினாலும் எடுக்க வேண்டும். குழாய்களின் எண்ணிக்கை: 2.