அறுபதாம் வரி

காலையில் அப்பா அடுப்பைப் பற்ற வைப்பார். பாலை வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நிற்பார். பால் பொங்கும்வரை கண்ணை எடுக்க மாட்டார். யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

சந்தனம் தண்ணீர் பிடிப்பாள். பாயைச் சுருட்டுவாள். சடையைத் தானே பின்னிக்கொள்வாள். அது ஒரு பக்கம் கோணலாகவே இருக்கும். இருவரும் சாப்பிட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறுவார்கள். அப்பா நூல் மில் அலுவலகத்துக்குப் போவார். கோடை விடுமுறை என்பதால் சந்தனம் மில்லுக்குப் பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவாள்.

போன வருடம் வரை அங்கே பாடம் நடத்தியது அவள் அம்மா தங்கபாய்தான். அம்மா இறந்த பிறகு சென்டர் பூட்டிக் கிடந்தது. இந்த மே மாதம்தான் பால்ச்சாமி சார் வந்து திறந்தார்.

செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். உள்ளே கறுப்புத் திரை, ஏசி. ஏசி மூச்சு விடுவதுபோல நின்று நின்று ஓடும். மானிட்டரின் நெற்றியில் ஆயுத பூசைக்கு வைத்த குங்குமம் காய்ந்திருந்தது. வைத்தது யார் என்று சந்தனத்துக்குத் தெரியும்.

"கீபோர்டுல பால்கோவாவ அப்பினது யாருலே? ஒரு பட்டன் எந்திரிக்கவே மாட்டேங்குது" என்றார் சார்.

"நான் இல்ல சார். நான் தின்னது நேத்து" என்றான் காசிராஜன்.

"பட்டன் ஒட்டினதும் நேத்துதாம்லே."

காசிராஜனும் சந்தனமும் ஒரே கம்ப்யூட்டரில் உட்காருவார்கள். இன்று தனிவட்டிக் கணக்குக்கு ஒரு புரோகிராம். அசலை வட்டி வீதத்தால் பெருக்கி, வருடத்தால் பெருக்கி, நூறால் வகுக்க வேண்டும். புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண். பத்து, இருபது, முப்பது என்று போகும். ஐம்பதாம் வரி விடையைக் காட்டும். சந்தனம் ஐந்து வரிகளையும் அடித்து முடித்து, அதை ஓட்ட 'ரன்' கொடுத்தாள்.

அசல் ஆயிரம். வட்டி ஐந்து. வருடம் இரண்டு.

விடை நூறு என்று வந்தது. அதன் கீழே, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக, இன்னொரு வரி வந்தது.

ஏட்டி சந்தனம், கை கழுவினியா?

காசிராஜன் நாற்காலியோடு பின்னால் போனான்.

"நீயா அடிச்ச?"

"நான் அஞ்சு வரிதான் அடிச்சேன். நீயும் பாத்தேல்ல."

பச்சை எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு விட்டு விட்டு மின்னியது. பதிலுக்குக் காத்திருந்தது. சந்தனம் 'ஆமா' என்று அடித்தாள்.

பொய். காட்டு.

சந்தனம் தன் கையைப் பார்த்தாள். விரலில் முறுக்கு எண்ணெய். மறுபடி ரன் கொடுத்தாள். கேள்வி வந்ததும் 'நீ யாரு' என்று அடித்தாள்.

பொய். காட்டு.

"சார், இங்க வாங்க. இதுக்குள்ள ஆளு இருக்கு" என்றான் காசிராஜன்.

சார் வந்து பார்த்தார். சிரித்தார்.

"முதல்ல 'நியூ' அடிச்சியாட்டி? அடிக்கல. ஃப்ளாப்பி ஓடுதான்னு பாக்க, காலையில அதுல கிடந்த பழைய புரோகிராம் ஒண்ண ஏத்தினேன். உன் அஞ்சு வரி அதோட அஞ்சு வரி மேல ஏறிருச்சு. அறுபதுலேருந்து பழசு அப்படியே நிக்கி. இப்ப நியூ அடி, போயிரும்."

"ஃப்ளாப்பில இருக்கும்ல சார்?"

"எல்லா ஃப்ளாப்பியையும் மத்தியானம் அழிச்சிருவேன். புதுப் பிள்ளைகளுக்கு வேணும்லா."

சந்தனம் நியூ அடிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்கம்மா எழுதினது சார்."

சார் சிரிப்பதை நிறுத்தினார். ஏசி ஒருமுறை நின்று, மறுபடி ஓடியது. அவர் மெதுவாகச் சொன்னார்: "ஃப்ளாப்பி எம்புட்டு விலை தெரியுமா? ஓனர் எண்ணித்தான் குடுத்திருக்காரு தாயி."

சந்தனம் யோசித்தாள். ஒட்டிக்கொண்ட பட்டனைப் பார்த்தாள்.

"சார், கை கழுவாம தொட்டா கீபோர்டு கெட்டுப்போகுதுன்னு தினமும் ஏசுதீங்க. இத எல்லாக் கம்ப்யூட்டர்லயும் போட்டுட்டா, அது கேக்கும்லா?"

சார் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எண்களைப் பத்துப் பத்தாக விடுவதே இடையில் சேர்க்கத்தான். சந்தனம் ஐம்பத்தைந்தாம் வரி ஒன்றைச் சேர்த்தாள். அது பெயரைக் கேட்கும். அறுபதாம் வரியில் தன் பெயரை எடுத்துவிட்டு, அடிக்கிற பெயர் வரும்படி செய்தாள். மற்ற எதையும் தொடவில்லை.

காசிராஜன் தன் பெயரை அடித்துப் பார்த்தான்.

"என்னையும் ஏட்டிங்கிது. நான் என்ன பொம்பளப் பிள்ளையா? மாத்து."

"அது அப்படித்தான் கூப்பிடும்."

அவன் எழுந்து போய்க் கை கழுவினான். சார் அதை ஒரு ஃப்ளாப்பியில் பதிந்து, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். அடுத்து ஒவ்வொருவராகக் குழாய்க்குப் போனார்கள்.

சாயங்காலம் கூட்டிப் போக வந்த அப்பாவைச் சந்தனம் உள்ளே இழுத்து வந்தாள். வட்டிக் கணக்கு முடிந்தது. பெயர் கேட்டது. அப்பா அடித்தார்.

ஏட்டி சௌந்தரபாண்டியன், கை கழுவினியா?

அப்பா குனிந்து இன்னொரு முறை படித்தார். 'ஆமா' என்று அடித்தார்.

பொய். காட்டு.

அப்பா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் திரைக்கு நேராகக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சந்தனம் கேட்டாள். "அப்பா, பிள்ளைய நல்லாப் படிக்க வைங்கன்னுதான் அம்மா கடைசியாச் சொன்னாளா? பிச்சையம்மாள் அத்தை சொன்னாங்க."

"அது அத்தையாச் சொன்னது."

"அப்ப அம்மா என்ன சொன்னா?"

பஸ் வன்னியம்பட்டியைத் தாண்டியது. அப்பா வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "காய்ச்சலோட படுத்திருந்தா. நான் வாசல்ல பேப்பர் பாத்துட்டு இருந்தேன்." பிறகு குனிந்து, அவள் காதில் சொன்னார். சின்ன வரிதான்.

மறுநாள் காலை அப்பா பாலை அடுப்பில் வைத்தார். அதன் முன்னால் சந்தனம் வந்து நின்றாள்.

"நான் பாத்துக்கிடுதேன். நீங்க பேப்பர் படிங்க."

அப்பா தயங்கினார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பால் ஓரத்தில் நுரைத்து, மெல்ல ஏறியது. அம்மா கடைசியாகச் சொன்னதை, அம்மா சொன்னபடியே, சந்தனம் வாசலைப் பார்த்துச் சொன்னாள்:

"பால் பொங்குது. அடுப்ப அமத்துங்க."