வலப்பக்க அளவு

குளித்துவிட்டு வந்து சட்டையைப் போட்ட தையற்கடை மாஸ்டர் மூன்றாவது பொத்தானில் தடுமாறினார். இடப்பக்கம் துணி தொளதொளவென்று தொங்கியது. வலப்பக்கம் மட்டும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, அக்குளிலிருந்து பொத்தான் வரை சாய்வாக ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. அவரே வெட்டி, அவரே தைத்த சட்டை. போன மாதம் வரை ஒரு குறையும் சொல்ல முடியாமல் உட்கார்ந்த சட்டை.

"இதை வெந்நீர்ல போட்டியா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"இருமி இருமி உடம்பு துரும்பா போச்சு, இதுல சட்டை இறுக்குதாம்" என்றாள் மனைவி. "அதை விடுங்க. இன்னிக்கு மூச்சை நல்லா இழுத்தீங்களா?"

இழுத்தேன் என்று சொன்னார். பொய்தான்.

இரண்டு மாதம் விடாத இருமல். கட்டில் அதிர அதிர இருமியதில் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். கடைசியில் ஒரு கறுப்பு மருந்து வந்தது. இரண்டே வேளையில் இருமல் கப்சிப் என்று அடங்கியது. அடங்கிய மறுநாளிலிருந்து ஒரு வலி. சாதாரணமாக மூச்சு விட்டால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் ஆழமாக இழுத்தால் போதும், துணிக்குள் மறந்துவிட்ட குண்டூசி மாதிரி வலது விலாவுக்குள் சுருக்கென்று குத்தும். டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை, இருமின வேகத்துல விலா இடுக்குத் தசை நொந்துபோயிருக்கு" என்றார். "வலிக்குதேன்னு மேலோட்டமா மூச்சு விட்டுட்டு இருந்தீங்கன்னா நுரையீரலோட அடிப்பகுதி சோம்பிப் போயிடும். பயப்படாம ஆழமா இழுங்க." அதன்பிறகு மனைவியிடம் தனியாக ஏதோ பேசினார். என்ன பேசினார்கள் என்று மாஸ்டர் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறார்களா என்ன.

சந்தேகப்படுவது அவர் தொழிலோடு வந்த குணம். அளவு கொடுக்க நிற்பவர்களில் பாதிப் பேர் உடம்பாலேயே பொய் சொல்வார்கள். தொப்பையை எக்கிக்கொள்வார்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். மாஸ்டர் கண்டுகொள்ளாதது போல டேப்பைச் சுற்றிவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று எதையாவது கேட்டுவைப்பார். பதில் சொல்ல வாய் திறந்தால், பிடித்து வைத்த மூச்சு வெளியே போகும், நெஞ்சு இறங்கும். அந்த நேரத்தில் டேப் காட்டுவதுதான் நிஜ அளவு. இத்தனை வருஷத்தில் இந்த வித்தை அவரை ஏமாற்றியதில்லை.

கடையைத் திறந்ததும் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே அளந்தார். முதுகெலும்பிலிருந்து பொத்தான் பட்டி வரை, முதலில் இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம். வலது பக்கம் இரண்டு விரல் கூடுதலாக இருந்தது. பழைய டேப் இழுபட்டிருக்கும் என்று புது டேப்பைப் பிரித்தார். அதுவும் அதையேதான் சொன்னது. கை கோணலாகப் பிடித்திருக்கும் என்று மறுபடி அளந்தார். இந்தமுறை கொஞ்சம் கூடவே இருந்தது.

வீக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நொந்த தசை வீங்காதா? அழுத்திப் பார்த்தால் வலிக்கவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மதியம் தெருவில் நடமாட்டம் ஓய்ந்தது. இஸ்திரிப் பெட்டிக்கடியில் ஈரத்துணி வெந்த வாடையும், மிஷின் எண்ணெய் வாடையும், வெட்டும் மேசையில் சிந்திய சாக்பீஸ் பொடியும் அந்தச் சின்ன அறையில் கனமாகத் தங்கியிருந்தன. மூலையில் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த, கடையில் வேலை பார்க்கும் அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள்.

"என்ன மாஸ்டர், காலையிலேர்ந்து இவ்வளவு பெரிய பெருமூச்சு? வீட்ல சண்டையா?"

மாஸ்டரால் பதில் சொல்ல முடியாது. மடித்த சட்டைக் கையில் குத்துவதற்காக அவர் உதடுகளுக்கிடையில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். ஊசியைக் கவ்விக்கொண்டு எந்தத் தையற்காரனும் பெருமூச்சு விடமாட்டான். விட்டால் ஊசி தொண்டைக்குள் போய்விடும் என்பது தொழிலுக்கு வந்த முதல் நாளே பழகிவிடுகிற பயம்.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். மிஷினை நிறுத்தினார். மின்விசிறியையும் நிறுத்தினார்.

"புழுங்குதே மாஸ்டர்" என்றாள் அக்கா.

"கொஞ்சம் சும்மா இரு."

கேட்டது. நீளமாக, நிதானமாக, தூங்குகிறவர் இழுப்பதைப் போல ஒரு மூச்சு உள்ளே போயிற்று. அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது பாட்டுக்கு வெளியே வந்தது. மறுபடி உள்ளே போயிற்று. அக்காவினுடையதாக இருக்கும் என்று அவளையே பார்த்தார். அவள் நூலைப் பல்லால் கடித்தபடி, எச்சில் விழுங்கியபடி, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போ. மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

தனியாக உட்கார்ந்தபோதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. இரண்டு மாதமும் உடம்பு எதையோ வெளியே தள்ளப் பார்த்திருக்கிறது. அதற்குத்தான் அப்படி இருமியிருக்கிறது. இவர் மருந்தைக் குடித்து அதன் வாயை அடைத்துவிட்டார். ஆழமாக இழுக்கும்போது வருவது நொந்த தசையின் வலியில்லை. அங்கே இடமில்லை. உள்ளே போகிற மூச்சை ஒன்று திருப்பித் தள்ளுகிறது.

இரும வேண்டும். அவசரமாக எழுந்து, மேசையைப் பிடித்துக் குனிந்து இருமிப் பார்த்தார். வறட்டுச் செருமல்தான் வந்தது. மறுபடி முயன்றார். தொண்டையைக் கனைத்தார், முதுகில் தானே குத்திக்கொண்டார். இரண்டு மாதம் விடாமல் பிடித்தாட்டிய இருமல், வேண்டும் என்று கெஞ்சுகிறபோது வரவேயில்லை. பயத்தில் கண்ணில் நீர் கட்டியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் மனைவி வந்தாள். அக்கா போகிற வழியில் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும்.

"விசிறியைக் கூடப் போடாம என்ன பண்றீங்க?"

மாஸ்டர் அவளையே கூர்ந்து பார்த்தார். "டாக்டரம்மா அன்னிக்கு உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"நீங்க பயந்தாங்கொள்ளி, மூச்சு இழுக்கிறதைக் கூடவே இருந்து பாத்துக்கோன்னு சொன்னாங்க. வேற என்ன சொல்லுவாங்க?"

அவள் முகத்தில் பொய் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புது டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"நெஞ்சைச் சுத்திப் பிடி. நான் பேசிட்டே இருப்பேன். பேசப் பேச டேப் தொளதொளன்னு ஆகணும். ஆகுதான்னு மட்டும் சொல்லு."

"நல்ல கூத்து" என்றாள். ஆனாலும் பின்னால் வந்து நின்று, அக்குளுக்கடியில் கைவிட்டுச் சுற்றி, முதுகுப்பக்கம் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தாள். கண்ணாடியில் அவள் வகிடும் தன் முகமும் தெரிய, மாஸ்டர் பேச ஆரம்பித்தார். சின்ன மகள் விடுமுறைக்கு வருவதைச் சொன்னார். கூரை ஒழுகுவதைச் சொன்னார். நடுவில் மூச்சே எடுக்காமல் சொன்னார். குரல் மெலிந்தது. உள்ளே இருந்த காற்று தீர்ந்துகொண்டே வந்தது.

"டேப் இறங்கலையே" என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "கையை விட்டு நழுவுது. மூச்சை இழுத்துக்கிட்டே பேசினா எப்படிங்க?"

அவர் பேச்சை நிறுத்தினார். வாயை மூடிக்கொண்டார். நெஞ்சில் ஒரு பொட்டுக் காற்று இல்லை.

டேப் நகர்ந்தது.

இடப்பக்கம் அசையவில்லை. வலப்பக்கம் மட்டும். மெல்ல. இன்னும் கொஞ்சம். சட்டைத் துணி முறுகியது. மூன்றாவது பொத்தான் தெறித்துக் கண்ணாடியில் பட்டு விழுந்தது.

மூச்சு எடுக்கப் பார்த்தார். வாய் திறந்தது. காற்று போகவில்லை. போக இடமில்லை. வலிகூட இல்லை.

மனைவி டேப்பைத் தளர்த்திக் கொடுத்தாள். அவர் முதுகில் காதை வைத்து, உள்ளே நிதானமாகப் போய் வரும் மூச்சைக் கேட்டாள். எத்தனையோ நாளாகச் சரியாகத் தூங்காத அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அப்பாடா" என்றாள். "எவ்வளவு ஆழமா இழுக்கிறீங்க. வலிக்கலை இல்ல? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் இழுங்க."

கண்ணாடியில் மாஸ்டரின் உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன. வலது விலா அவள் சொன்னதைக் கேட்டது.