ஓட்டில் எறிந்த பல்

எறிந்த பல் ஓட்டில் பட்ட சத்தம் கேட்டது. ஆனால் அது உருண்டு கீழே வரவில்லை.

அருந்ததி முற்றத்தில் அண்ணாந்தபடி நின்றாள். அந்த வீட்டுக் கூரை நல்ல சரிவு. மாம்பிஞ்சு விழுந்தாலும், காகம் தூக்கிவந்து தவறவிட்ட எலும்பு விழுந்தாலும், கடகடவென்று உருண்டு, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பீலிக்குள் தங்கும். இல்லாவிட்டால் காலடியில் வந்து விழும். கலியாணம் முடித்துச் சண்டிலிப்பாய்க்கு வந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். இந்தப் பல்லோ 'டக்' என்று ஒரேயொரு தடவை பட்டது. அத்தோடு சரி. மேலே யாரோ அதைக் கையால் பொத்திப் பிடித்தது போல இருந்தது.

"என்னப்பா, ஓட்டிலை எறிஞ்சிட்டியே?" மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த கேதீஸ்வரன் சிரித்தான். "பால்பல்லு விழுந்த பிள்ளையளெல்லோ உந்த விளையாட்டு விளையாடுறது."

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வாய்க்குள் பஞ்சு இருந்தது. இடது கன்னம் விறைத்துப்போய், அது தன்னுடைய கன்னம்தானா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. யாழ்ப்பாணம் போய், கீழ்த்தாடையில் மாதக்கணக்காக உயிரை வாங்கிய ஞானப் பல்லைப் பிடுங்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். "இருந்த கொஞ்ச ஞானமும் போச்சு" என்று வழி நெடுகப் பகிடி விட்டுக்கொண்டு வந்தவன் அவன். வேர் வளைந்து, தலையில் கறுப்பாகக் குழி விழுந்திருந்த அந்தப் பல்லை, கேட்டதும் தாதி பஞ்சில் சுற்றிக் கொடுத்திருந்தாள்.

"மானிப்பாய்க்குப் போட்டு வாறன். மருந்தும் வேணும், உனக்கு ஐஸ்கிறீமும் வேணும். நீ ஒண்டும் கதையாதை, என்ன? கதைச்சா இரத்தம் வரும்."

அவன் போனான். மேற்கே மழை கறுத்துக்கொண்டு நின்றது.

அவள் பல்லைத் தனக்காக எறியவில்லை. கீர்த்திகனுக்காக எறிந்தாள். பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள் நெருங்கிவிட்டது. பல் முளைக்கவேண்டிய முரசோ இன்னும் வெறுமையாகவே இருந்தது. கோயிலுக்குப் போனாலும், கலியாண வீட்டுக்குப் போனாலும், "கொழுக்கட்டை எப்ப?" என்பதுதான் முதல் கேள்வி. பிள்ளைக்குப் பல் முளைத்ததும், தேங்காய்ச் சொட்டுகளைப் பல் வரிசை போலக் குத்திய கொழுக்கட்டை அவித்து, பிள்ளையின் தலையில் சொரிந்து கொண்டாடுவார்கள். அவளோடு பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் சொரிந்து முடித்துவிட்டார்கள். சில பிள்ளைகளுக்குப் பிந்தும் என்று டொக்டர் சொன்னது காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை. தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று அவள் வெட்கப்பட்டாள். சில இரவுகளில் அழவும் செய்தாள்.

அதனால்தான், கையில் ஒரு பல் இருந்தபோது, சின்ன வயதில் செய்ததைப் பாதி விளையாட்டாகச் செய்தாள். பஞ்சு அடைத்த வாயால் சொல்ல முடியாததை மனதுக்குள் சொன்னாள். என்ரை பல்லை எடு, என்ரை பிள்ளைக்குப் பல்லைத் தா.

வாசற்படியில் கால் வைக்கும்போதுதான் நினைவு வந்தது. முதலில் அணிலைக் கூப்பிடவேண்டும். அணிலே, அணிலே என்று கூப்பிட்டுவிட்டுத்தான் பல்லைக் கேட்பது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. கேட்க மட்டும் கேட்டிருந்தாள்.

உள்ளே, கேதீஸ்வரனின் அக்கா சிவகௌரி பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். கூரை வளைமரத்தில் கயிறு போட்டு, பழைய நூல்சேலையில் கட்டிய ஏணை அது. பக்கத்து வளவில்தான் சிவகௌரியின் வீடு.

"போத்தில் பாலைக் குடிக்கிறானில்லை, துப்பிப்போட்டான்," என்றாள் அவள். "எண்டாலும் பொழுதுபடுமட்டும் நீ பால் குடுக்காதை. விறைக்கப் போட்ட ஊசியெல்லே, பாலிலை இறங்கிப்போடும்."

அருந்ததி தலையாட்டினாள். காலையிலிருந்து கொடுக்காத பால் நெஞ்சில் கல்லாகக் கட்டி நொந்துகொண்டிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் கராம்பு எண்ணெயும் இரத்தமும் மணத்தன.

அப்போது மேலே சத்தம் கேட்டது. சின்னதாக ஏதோ ஓட்டில் உருளும் அந்தப் பழகிய சத்தம்தான். ஆனால் அது பீலிப் பக்கத்திலிருந்து முகட்டை நோக்கி உருண்டது. கீழிருந்து மேலே. ஏணைக் கயிறு கட்டிய வளைக்கு நேர் மேலே வந்து நின்றது.

"பூனையாக்கும்," என்றாள் சிவகௌரி.

பிள்ளை வீரிட்டு அழுதான். தேற்றுவதற்காக அவன் வாய்க்குள் விரலை வைத்த சிவகௌரியின் முகம் விரிந்தது.

"எடி அருந்ததி! பல்லு வந்திட்டுதடி! என்ரை கையிலை தட்டுப்படுது!"

அருந்ததிக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. விறைத்த வாயைக் கோணிக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கே கொழுக்கட்டை அவிப்பம். தம்பி கேட்டாப் புளுகத்திலை குதிப்பான். மழை வரமுன்னம் நான் போய் அரிசியை ஊறப்போடுறன்," என்று சொல்லிக்கொண்டே சிவகௌரி வேலியை வெட்டி விட்ட பொட்டுக்குள்ளால் ஓடினாள்.

அருந்ததி கையைக் கழுவிவிட்டு வந்து, தானும் தொட்டுப் பார்த்தாள். முன் முரசில் ஒன்றுமில்லை, வழுவழுவென்று இருந்தது. விரலை இன்னும் உள்ளே விட்டாள். இடப்பக்கம், கடைவாயின் கடைசியில், அந்தச் சின்ன வாய்க்குக் கொஞ்சமும் பொருந்தாத அகலத்தில், ஒரு பல். ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தாள். பல்லின் தலையில் கறுப்பாக ஒரு குழி இருந்தது.

ஊசி மயக்கம் என்று தனக்குத்தானே சொன்னாள். காலையில் பிடுங்கியது கண்ணுக்குள் நிற்கிறது, அவ்வளவுதான் என்றாள். மழை தோட்டப் பக்கத்திலிருந்து இரைந்துகொண்டு வந்து, பனையோலைகளில் படபடத்து, முற்றத்தைத் தாண்டி ஓட்டில் ஏறி, வீட்டைச் சத்தத்தால் மூடியது. சூடாகக் கிடந்த ஓடு நனைந்த மணம் அறைக்குள் இறங்கியது. மின்சாரம் போய், பின்னேரமே வீடு இருண்டது. அத்தனை இரைச்சலுக்குள்ளும் அது தனியாகக் கேட்டது.

டக்.

அவளுடைய நாக்கு காயத்தைத் தேடிப் போனது. வேண்டாம் என்றாலும் நாக்கு அங்கேதான் போகும், பல் பிடுங்கிய எல்லோருக்கும் அது தெரியும். குழி பெரிதாக இருந்தது. அதற்கு முன்னால் இருந்த பல்லையும் காணவில்லை. நோவு இல்லை. இரத்தமும் இல்லை. பஞ்சை எடுத்து உதறினாள். மடியைத் தடவினாள். நிலத்தில் தேடினாள். விழுங்கிவிட்டேனா?

டக்.

நாக்கு தொட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பல் இல்லாமல் போனது.

ஏணைக் கயிறு ஒருமுறை இறுகித் தளர்ந்தது. பிறகு ஏணை தானாக ஆடத் தொடங்கியது. பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தான். சேலைக்குள் இருந்து ஒரு புதுச் சத்தம் வந்தது. நறநற. பல்லோடு பல் உரசும் சத்தம்.

அவள் கேதீஸ்வரனுக்கு அழைப்பு எடுத்தாள். வாயைத் திறந்தாள். வந்தது வெறும் காற்றும் எச்சிலும்தான்.

"என்னப்பா, வாய்க்குள்ளை கொழுக்கட்டையே?" அவன் குரலில் சிரிப்பு. "அக்கா இப்பத்தான் எடுத்துச் சொன்னவ, பல்லு வந்திட்டுதாம். நீ கதையாதை, புண் வெடிச்சிடும். கடைவாசல்லை ஒதுங்கி நிக்கிறன், மழை விட வாறன்."

வைத்துவிட்டான். 'கெதியா வாங்கோ' என்று எழுதி அனுப்பினாள். அவன் ஒரு ஐஸ்கிறீம் படத்தைப் பதிலாக அனுப்பினான்.

டக். டக்.

அவள் மழைக்குள் ஓடினாள். முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். தண்ணீர் கண்ணுக்குள் கொட்டியது. முகட்டில், அவளுடைய அறைக்கு மேலே, கொஞ்ச இடத்தில் மட்டும் மழை ஓட்டில் படாமல் சுற்றிவரத் தெறித்தது. அங்கே ஏதோ குந்தியிருந்த அளவு இடம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கைகளையும் கூப்பினாள். எடுத்தது காணும், எனக்குத் திருப்பித் தர வேண்டாம், பிள்ளையை மட்டும் விட்டுவிடு. மனதுக்குள் கத்தினாள். முதல் தடவையும் மனதுக்குள் கேட்டுத்தானே கிடைத்தது.

மேலே அமைதியானது.

கேட்டுவிட்டதோ? ஒரு கணம் உண்மையாகவே நம்பினாள்.

டக். டக். டக். டக்.

கைப்பிடியில் அள்ளி எறிந்தது போல. வாய் சரிந்தது. கன்னங்கள் உள்ளே விழுந்தன. நாக்கு எங்கும் முட்டவில்லை. எங்கும். முரசு மட்டும். பிள்ளையினுடையது போல வழுவழுத்த முரசு.

அவள் உள்ளே ஓடினாள்.

ஏணை ஆடவில்லை. அவள் சேலையை விலக்கினாள். ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தாள். கீர்த்திகன் விழித்திருந்தான். அம்மாவைக் கண்டதும் எப்போதும் போலக் காலை உதைத்தான். எப்போதும் போலச் சிரித்தான்.

முன்னால் கொஞ்சம் விலகிய இரண்டு பெரிய பற்கள். அவளுடைய கலியாணப் படத்தில் இருக்கும் அதே பற்கள். அவற்றின் இரு பக்கமும், மேலும் கீழும், நெருக்கியடித்துக்கொண்டு மீதி எல்லாம். உதடுகள் மூட முடியாமல் இழுபட்டிருந்தன. கண்கள் மட்டும் பிள்ளையின் கண்கள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் பின்னால் நகரவில்லை. எங்கே நகர்வது? அவள் பெற்ற பிள்ளை.

வெளியே பொழுதுபட்டுவிட்டது. தலைக்கு மேலே ஓடு ஒன்று மெல்ல விலகி, இருட்டு எட்டிப் பார்த்தது. அதிலிருந்து ஒரு துளி தண்ணீரும் விழவில்லை.

கீர்த்திகன் முகத்தைச் சுளித்தான். காலையிலிருந்து பசி. இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டி, அந்தப் பற்களுக்கு இடையால் அழத் தொடங்கினான். அந்த அழுகை கேட்டதும், நெஞ்சில் கட்டியிருந்த பால், அவளைக் கேட்காமலே சுரந்து, சட்டையை நனைத்துக்கொண்டு இறங்கியது.

பால் மணம் பிடித்த பிள்ளை அழுகையை நிறுத்தினான். வாயை அகலத் திறந்தான்.