நடுவில் நின்ற முள்

பேட்டரியைக் கழற்றித் தரையில் இறக்கி வைத்த பிறகும் டெம்பரேச்சர் முள் விழவில்லை.

விழுந்திருக்க வேண்டும். கரண்ட் செத்த மீட்டரில் முள் தானாக இடப்பக்கம் சாய்ந்து, குளிர்ச்சியைக் காட்டுகிற சி எழுத்தின் மேல் படுத்துக்கொள்ளும். சின்ன வயசிலிருந்து வண்டிக்கு அடியிலேயே கிடக்கிற துரைக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டாம். ஆனால் இந்த அம்பாசிடரின் முள் மட்டும் சி-க்கும் சூட்டைக் காட்டுகிற எச்-சுக்கும் நட்டநடுவில், ஆணியடித்த மாதிரி நின்றது. அந்த இடம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை அங்கே நிறுத்தியவனே அவன்தான்.

முள்ளைக் கட்டுவது என்று அதற்கு அவன் ஷெட்டில் பேர். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு தண்ணீர் கொதிக்கிற வண்டியை விற்றுத் தள்ளிவிட வேண்டுமா, ரேடியேட்டரை யாரும் தொட மாட்டார்கள். என்ஜினிலிருந்து மீட்டருக்கு வருகிற ஒயரை வெட்டி, ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கிற அரிசி மாதிரி ஒரு ரெசிஸ்டரை அதில் முறுக்கி, வண்டியின் பாடியோடு சேர்த்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம் உள்ளே எரிமலையே வெடித்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். போன கார்த்திகையில் புரோக்கர் உச்சிமாகாளி இந்த வண்டியைக் கொண்டுவந்து, "கட்டிவுட்டுடு மாமு, ராயபுரம் பார்ட்டி ஒண்ணு வருது" என்று சொன்னபோது, துரை வாயில் இருந்த பாக்கைக்கூடத் துப்பாமல் அந்த வேலையைச் செய்து முடித்தான்.

ராயபுரம் பார்ட்டி என்றால் அருள்நாதன். ஹார்பரில் கிரேன் ஓட்டி, வி.ஆர்.எஸ். வாங்கி வேலையை விட்ட மனுஷன். வண்டி எடுக்க மனைவி ஃப்ளோரன்ஸையும் கூட்டிவந்து, ஸ்டியரிங்கில் ஜெபமாலையை மாட்டிவிட்டு, குழந்தை மாதிரிக் கேட்டான்: "நைனா, சூடு ஏறுனா நமக்கு எப்டித் தெரியும்?"

"முள்ளப் பாத்துக்கோ அண்ணாத்த. நடுவுல நிக்கிறவரைக்கும் கண்ண மூடிகினு ஓட்டு" என்றான் துரை.

பாவி, சிரித்துக்கொண்டே சொன்னான்.

தவக்காலத்தில் ஒரு மத்தியானம், எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வண்டி நின்றுபோனது. அருள்நாதன் முள்ளைப் பார்த்தான். நடுவில் இருந்தது. சூடு இல்லை, தண்ணீர்தான் குறைந்திருக்கும் என்று பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைக் கையால் திருகினான். கொதிக்கிற தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்பி அவன் முகத்தில் அடித்தது. தீக்காய வார்டில், குரல் இருந்தவரைக்கும் அவன் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தானாம். முள்ளு நடுவுல தான் இருந்துச்சு, முள்ளு நடுவுல தான் இருந்துச்சு.

இன்று காலையில் ஃப்ளோரன்ஸ் அதே வண்டியை ஒரு டெம்போவுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துவந்து ஷெட் வாசலில் நிறுத்தினாள். துரை கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஓரடி பின்னால் போனான்.

"பயப்படாத துரை, உன்கிட்ட சண்டைக்கு வர்ல. அவுரு உன்ன தான் நம்புனாரு, நானும் உன்ன தான் நம்பி வந்துகீறேன்" என்றாள். "குடிச்சிட்டுப் போயி தொறந்துட்டான்னு தெருவே பேசுது. தவக்காலத்துல அவுரு கையால கூட தொட மாட்டாரு. எம் புள்ள ஜெரி அத்த நம்பிகினு அப்பன் கல்லறைக்கே வர மாட்டேன்றான். இன்னா கோளாறுன்னு மட்டும் பாத்து அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லு. சாய்ங்காலம் வர்றேன்."

அவன் தலையை ஆட்டினான். வேறு என்ன செய்வான்? உண்மையைச் சொன்னால் இந்த ரோட்டில் ஒரு சைக்கிள்கூட அவன் ஷெட்டுக்கு வராது, போலீஸ் வேறு. சொல்லாவிட்டால் செத்தவன் குடிகாரனாகவே கிடப்பான். மத்தியானம் கொண்டுவந்த சோற்றைப் பிரிக்கவே மனசு வரவில்லை. தான் செய்ததைத் தானே கண்டுபிடிக்கிற வேலை இருக்கிறதே, எதிரிக்குக்கூட அது வரக்கூடாது.

முதல் காரியமாக ரெசிஸ்டரைப் பிய்த்துச் சாக்கடையில் போட்டான். வெட்டின ஒயரை ஒட்டி, டேப் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவிப் பழசாக்கினான். முள் நடுவில் நின்றது. பேட்டரியைக் கழற்றினான். நின்றது. டேஷ்போர்டிலிருந்து மீட்டரையே பிடுங்கி பெஞ்சின் மேல் போட்டான். ஒயர்கள் அந்தரத்தில் தொங்க, கண்ணாடிக்குப் பின்னால் முள் அப்போதும் நடுவில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

துருப்பிடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வெளியே லாரிகள் ஏர் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற இரைச்சலுக்கும், கடல் பக்கமிருந்து வருகிற காற்று தகரக் கூரையைத் தட்டுகிற சத்தத்துக்கும் அடியில், மூடி போட்ட பானைக்குள் தண்ணீர் கொதி வருவதற்கு முன்னால் முணுமுணுக்குமே, அந்த மாதிரி ஒரு குமுறல், விட்டுவிட்டு, பொறுமையாகக் கேட்டது. கூடவே ஒரு வாசனை. முதலில் துருத்தண்ணீர் வாசனை. அதற்குப் பின்னால், ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடுகிற களிம்பின் நெடி. அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. போக முகம் இல்லை. ஆனாலும் அது அந்த வார்டின் வாசனைதான் என்று அவனுக்குத் தெரிந்தது.

ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. மூடியைத் திறக்கக் கை வரவில்லை; குறட்டால் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு திறந்தான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துருப்பொடிதான் இருந்தது.

சத்தம் நிற்கவில்லை.

ஷெட்டின் பின்பக்கம் போனான். அங்கேயும் கேட்டது. ரோட்டுக்கு வந்து நின்றான். அத்தனை லாரி இரைச்சலிலும் கேட்டது, பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளே ஓடி, மூலையில் இருந்த மண்பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு அண்ணாந்து ஊற்றிக்கொண்டான்.

சுர்ரென்றது.

காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி, அவன் தொண்டைக்குக் கீழே, நெஞ்சுக்குள்ளே. சொம்பு கையிலிருந்து நழுவி உருண்டது. மார்பில் கையை வைத்தான். விலா எலும்புகளுக்குப் பின்னால் அது குமுறிக்கொண்டிருந்தது. ஆனால் தோலில் சூடே இல்லை.

"இன்னா துரை, கண்டுபுட்சிட்டியா?"

வாசலில் ஃப்ளோரன்ஸ் நின்றிருந்தாள். பின்னால் வெயில் மங்கிக்கொண்டு வந்தது.

சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"வண்டியில ஒண்ணும் கோளாறு இல்லக்கா. அண்ணாத்த தான் அவசரப்பட்டுட்டாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப குடிச்சிட்டு தான் போனாரா துரை?"

இல்லை என்று சொல்ல வந்தான். முடியவில்லை. கொதி தொண்டை வரைக்கும் ஏறிவிட்டது. பல்லை இறுகக் கடித்தான். உதடுகளுக்குள் நாக்கு வெந்தது. கண்ணில் நீர் வந்தது, அதுவும் சுட்டது. மூக்கிலிருந்து, இந்தச் சித்திரைப் புழுக்கத்தில், வெள்ளையாக ஆவி வந்தது.

"ஐயோ, இன்னாடா ஆச்சு உனக்கு? மூக்குல இன்னா பொக வருது?"

அவள் ஓடி வந்தாள். வேண்டாம் என்று கையை ஆட்டினான். கிட்ட வராதே. அவளுக்குப் புரியவில்லை. நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"சில்லுனு தான கீது. சூடு இல்லையே."

அவன் பின்னால் நகர்ந்தான். பெஞ்சில் முதுகு இடித்தது. போக இடமில்லை. அவள் தோளைத் தள்ளினான், கையில் பலமில்லை. உள்ளே கொதிக்கிற தண்ணீர் முட்டியது. பல்லுக்குப் பின்னால். உதட்டுக்குப் பின்னால். உண்மையும் அங்கேதான் இருந்தது, அதோடு சேர்ந்து வெந்துகொண்டு.

"பல்லு கட்டிக்கிச்சா? அவுருக்கும் ஆஸ்பத்திரியில இப்டி தான் ஆச்சு. நான் தான் தொறந்து வுட்டேன்." அவள் அவன் தாடையை ஏந்திப் பிடித்தாள். உள்ளே பார்ப்பதற்காக முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். அவள் மூச்சு அவன் வாயில் பட்டது. "பயப்படாத. வாயத் தொற கண்ணு. தொற."

பெஞ்சின் மேல் முள் நடுவில் நின்றது.

அவள் விரல் அவன் பற்களுக்கிடையில் நுழைந்தது.