அலசாமல் வந்த பாடம்

காலையில் மண்டியைத் திறந்ததும் ஒரு விரலி மஞ்சளை ஒடித்து நிறம் பார்ப்பாள் சம்பூர்ணம். அடுத்துப் பாடமாற்றியைக் காதில் செருகிக்கொள்வாள். ஈரோட்டில் மஞ்சள் விற்றுக்கொண்டே தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் வணிகச் சட்டம் படித்தாள். நாளைக்குக் கடைசித் தேர்வு.

படித்ததை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாற்றும் வித்தை வந்திருந்தது. நகலெடுக்கத்தான் வழியில்லை. கொடுத்தால், திரும்பி வரும்வரை அந்த இடம் காலி. அதனால் மாணவர்கள் ஜோடி சேர்ந்தார்கள். ஆளுக்குப் பாதி படிப்பார்கள்; முதலில் தேர்வு எழுதுகிறவருக்கு மற்றவர் தன் பாதியைக் கைமாற்றாகத் தருவார்; எழுதி முடித்தவர் முழுப் பாடத்தையும் அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார். பல்கலைக்கழகத்துக்கும் இது தெரியும். இரண்டு தலைக்கும் கட்டணம் கட்டியாகிவிட்டது, தலைக்குள் எட்டிப்பார்த்து அதற்கு ஆகப்போவது என்ன?

சம்பூர்ணத்தின் ஜோடி தாராபுரத்துத் தீரன். நேரில் பார்த்ததே இல்லை. குரலும் "அக்கா"வும்தான் பழக்கம். பட்டம் வந்ததும் இருவரும் சேர்ந்து வியாபாரத் தகராறுகளைத் தீர்க்கும் அலுவலகம் திறப்பதாகப் பேச்சு. மண்டியின் முன்னறையை அதற்காகக் காலி செய்து, சுண்ணாம்பும் அடித்துவிட்டாள்.

தீரன் தேர்வு எழுதிவிட்டு முந்தின நாள் கூப்பிட்டிருந்தான். பாடத்தை அலசிட்டு அனுப்பட்டுங்களா என்று கேட்டான். இரவல் போன தூக்குவாளியில் அடுத்த வீட்டுக் குழம்பு வாசம் ஒட்டுகிற மாதிரி, பாடத்தில் இரவல் வாங்கியவரின் நினைவுகள் ஒன்றிரண்டு ஒட்டிக்கொள்ளும். எது ஒட்டும் என்று யாருக்கும் தெரியாது. அலசல் நிலையத்தில் கொடுத்தால் சுத்தமாகிவிடும்.

"நமக்குள்ள என்ன தம்பி அலசல்? தண்டச் செலவு. அப்படியே அனுப்பு."

அவன் கொஞ்சம் தயங்கினான். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். அவனும் காசு பார்க்கிறவன்தான், சரியென்றான்.

இப்போது மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வந்து சேர்ந்த பாடத்திலிருந்து, கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நேர்மையாக நடக்க வேண்டும் என்ற பிரிவை மனசுக்குள் ஓட்டிப்பார்த்தாள். பிரிவோடு ஒட்டிக்கொண்டு ஒரு மேசையும் வந்தது. எதிரே, அவளுடைய எதிர்மண்டிக்காரர் குமரேசன் போண்டாத் தட்டை நகர்த்தி, "அப்ப அந்தம்மா?" என்கிறார்.

"பாதிப் பாடம் அவங்ககிட்ட இருக்குதுங்க. பரீட்சை முடியட்டும், கழட்டி விட்டுரலாம்."

தீரனின் நினைவுதான்; ஆனால் சொன்னது அவள் வாய். சிரித்ததும் அவள்தான். அதற்குள்ளே இருந்த கணக்கும் துல்லியமாக நினைவுக்கு வந்தது: அக்காவிடம் போனால் கூட்டாளி என்று பெயர்தான், பங்கை மஞ்சள் விலை மாதிரி அடித்துப் பேசுவாள்; குமரேசனிடம் போனால் தனி அலுவலகம், முதல் நாளிலிருந்தே கையில் வழக்கு. யோசித்துப் பார்த்தாள். கணக்கில் பிழையே இல்லை. அவள் தீரனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். செய்தும் இருந்தாள், போண்டாவின் காரம்கூட நாக்கில் நின்றது.

நன்றாக நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று அவனைக் கூப்பிட்டாள்.

"குமரேசனுக்கு என்ன வாக்குக் குடுத்த?"

"எந்தக் குமரேசனுங்க அக்கா?"

பொய் சொல்லும் குரல் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வளர்ந்ததே அந்தக் குரல்களுக்கு நடுவில்தான். இது பொய் இல்லை. அப்போதுதான் உறைத்தது. நகல் கிடையாதே. ஒட்டிக்கொண்ட குமரேசன் நினைவு முழுசும் பாடத்தோடு இங்கே வந்துவிட்டது. அங்கே அந்த இடம் காலி.

"நம்ம ஆபீசுக்கு ஒரு பேரு யோசிச்சு வெச்சிருக்கறனுங்க," என்றான் உற்சாகமாக. "உங்க பேருதான் முதல்ல."

எதிர்மண்டி வாசலில் ஏணி போட்டுப் புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். குமரேசன் கீழே நின்று, இடது பக்கம் தூக்கு என்று கை காட்டினார். பலகையில் தீரனின் பெயர் மஞ்சள் எழுத்தில் இருந்தது.

"ஏனுங்க அக்கா, ஏதோ குமரேசன்னு கேட்டீங்களே? நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

வாய்வரை வந்த வசவுகளுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அந்தத் துரோகத்தைச் செய்த ஞாபகம் உலகத்தில் ஒருத்திக்குத்தான் இருந்தது.

"இல்ல தம்பி," என்றாள் சம்பூர்ணம். "நீ ஒண்ணும் பண்ணல."