சுவர் கூரையைத் தொடவில்லை

"ஐயோ... யாருங்க இதக் கழட்டினது?"

பிரேமினி போட்ட சத்தத்தில், ராகலை டவுனில் போட்டோகொப்பி எடுக்கும் கொமியூனிகேஷன் கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய லெப்டொப் அணைந்து கிடந்தது. பெட்டரி எப்போதோ செத்துப்போனது. வயரைக் கழற்றினால் அவ்வளவுதான். கழற்றியவன் போன் சார்ஜரோடு நின்றான். நனைந்த சட்டை... தூங்காத பெரிய கண்கள்.

"சொரிங்க மிஸ். அம்மாவோட முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஃபாதரோட பேசணும். நீங்க படம் பார்க்கிறீங்கன்னு நெனச்சேன்."

"படமா? காலையில இருந்து ஓடுன கணக்குங்க! இடையில சேமிக்கிறது எப்படின்னுகூட எனக்கு இன்னும் தெரியாது..."

அழுகை வந்துவிட்டது. இவன் முன்னாலா அழுவது என்று கோபமும் வந்தது.

கண்டியில் பொறியியல் படிக்கிறாள்; விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். காற்றும் புகையும் ஓடும் விதத்தைக் கணக்கிடும் ஓபன்ஃபோம் என்ற இலவச மென்பொருளை இப்போதுதான் தானாகவே பழகுகிறாள். அழுத்திப் பார்க்கப் பொத்தான்கள் இல்லை. சுவர், கதவு, அடுப்பு எல்லாவற்றையும் கோப்பில் எழுத வேண்டும். ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் பொல்லாத மாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனாலும் விடவில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் விறகுப் புகை குடித்தே அம்மா மீனம்மாவின் நெஞ்சு கெட்டுவிட்டது. புகை போக ஒரே ஒரு துவாரம் போடத்தான் தோட்டத்தை நடத்தும் தொரை சம்மதிப்பார். அதை எங்கே போடுவது?

அவன் வயரை மறுபடி செருகிக் கொடுத்தான். பெயர் சுகந்தன், உடப்புசல்லாவையில் ஆசிரியர். அம்மாவுக்கான புகைக் கணக்கு என்று அவள் சொல்ல, திரையில் வந்த லயத்து அறையின் படத்தைக் குனிந்து பார்த்தான்.

"எங்கம்மாவும் நெஞ்சு வருத்தத்துலதான் போனாங்க... ஆமா, நீங்க லயத்துலதானே இருக்கீங்க? இதுல சுவர் கூரை வரைக்கும் போகுதே. நம்ம லயத்துல அப்படி இல்லயே?"

அவளுக்கு முகம் சுருங்கியது. தெரியாமல் வரையவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சும் இருமலும் மேலால் வந்து விழும் அறை அது. கண்டித் தோழிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று, ஒழுங்கான வீடு போல வரைந்திருந்தாள்.

"உங்க வேலையப் பாருங்க."

மழையிலேயே இறங்கிப் போனாள்.

இரண்டு வாரம் வீம்பு. பொய்ச் சுவரை வைத்துக்கொண்டே ஓட்டினாள். கணக்கு ஒவ்வொரு தடவையும் துவாரத்துக்கு ஒவ்வோர் இடத்தைக் காட்டியது. அம்மாவின் இருமலில் இரத்தம் வந்த அன்றுதான் சுவரைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டு அடுப்பையும் சேர்த்து எழுதினாள். திரையைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் புகை சுவரைத் தாண்டி வந்து, நேரே அம்மாவின் கட்டில்மேல் இறங்கியது.

கடைக்காரர் கந்தப்பனிடம் சுகந்தன் நம்பர் விட்டுப்போயிருந்தான். வெட்கத்தை விட்டு அவனுக்குக் கோல் எடுத்தாள்.

"நீங்க சொன்னது சரிங்க..."

"சரி பிழை கெடக்கட்டும். அம்மா எப்படி இருக்காங்க?"

அந்தக் கேள்வியிலேயே அவள் விழுந்துவிட்டாள். அதன்பிறகு சனிக்கிழமைகளில் கடைக்கு வந்தான். இரண்டு பேருமாகத் துவாரத்தைக் கூரையோரத்தில் கண்டுபிடித்தார்கள். அவன் பக்கத்தில் உட்காரும்போது திரையைவிட அவன் கண்களே அதிகம் தெரிந்தன... தொரையும் சம்மதித்தார். ஆனால் மேசன் வருவதற்கு முன்பே மீனம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் சுகந்தன் மட்டும் வாசலில் நின்றான். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று பக்கத்து வீட்டில் இவர்களுக்குத் தேத்தண்ணி வைத்தார்கள். அந்தப் புகை சுவரைத் தாண்டி வந்து வெறும் கட்டில்மேல் இறங்கியது.

"ரெண்டு வாரங்க... என் வீம்புக்கு ரெண்டு வாரம் போச்சு."

 அவன் உள்ளே வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா ஒரு ராத்திரி இருமாம தூங்கினா, மறுநாள் உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாம்னு இருந்தேன்..." என்றாள்.

"இப்ப சொல்லுங்க பிரேமினி."

"உங்கள எனக்குப் புடிச்சிருக்குங்க," என்றாள், அழுதுகொண்டே.